பின்கதவும் ஆறாவது கேமராவும்

அத்தியாயம் 5

வேலங்குட்டை சமுதாயப் பொழுதுபோக்கு மையத்தின் வாசலில் ஐந்து பலகைகள் இருந்தன. உறுப்பினர்களுக்கு மட்டும் அனுமதி. கேமரா கண்காணிப்பில் உள்ளது. செருப்பை வெளியே விடவும். செருப்பு தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. ஐந்தாவதில் செயலாளர் சுப்பராயலுவின் படம் மட்டும் இருந்தது.

"இதுலதான் எச்சரிக்கை எழுதியிருக்கணும்," என்றான் பாக்யராஜ்.

விஜயகுமாரி ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து இறங்கினாள். வயது ஐம்பது. பதினெட்டு வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கடைகளைப் பார்வையிட்டவள். பொய் சொல்கிறவன் தேவைக்கு மேல் ஏற்பாடு செய்வான் என்பது மட்டுமே அங்கே கற்ற பாடம். இப்போது வில்லியனூரில் ஒரு தையல் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அதில் பாக்யராஜ் ஒருவன்தான் ஊழியன். வண்டி ஓட்டுவான், படம் எடுப்பான், பேசுவான். மூன்றாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது.

வாசலில் ஒரு பெண் நீள நோட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். மையத்தின் காவலாளி ரோசம்மாள்.

"பேரு, நேரம், யாரப் பாக்கணும், கையில இன்னா எடுத்துனு போறீங்க. எல்லாம் எழுதணும் மா. செயலாளர் ஐயா உத்தரவு."

"கையில ஹெல்மெட்," என்றான் பாக்யராஜ். "அதயுமா?"

"அதயும்தான்."

எழுதினாள். ஹெல்மெட் 1. கோடு போடாத தாளில் எழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. நோட்டைத் திருப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

உள்ளே போகிற வழியில் சுவரோரம் நான்கு சிவப்பு வாளிகள் தொங்கின. 'தீ' என்று எழுதியிருந்தது. மூன்றில் துளசி. நான்காவது நசுங்கியிருந்தது.

சுப்பராயலுவின் அறையில் மட்டும் ஏசி இருந்தது. எழுபது காணி நிலத்துக்குச் சொந்தக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. பக்கத்தில் அவருடைய அக்காள் மகன் அரிகரன் நின்றான். மையத்துக்குக் கேமரா போட்டவன் அவன். எட்டுக் கேமரா. டெண்டரில் அவன் ஒருவன்தான் வந்தான்.

சுப்பராயலு நடந்ததைச் சொன்னார். பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, ஐந்து ஐம்பது. உள்ளே பதினேழு பெண் பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்வாசல் ஓரத்து ஸ்விட்ச் போர்டில் தீப்பொறி. அரங்கம் முழுக்கப் புகை. பிள்ளைகள் பின்கதவுக்கு ஓடினார்கள். பூட்டியிருந்தது. கழிப்பறை ஜன்னல் வழியாக ஒவ்வொருத்தியாக வெளியே குதித்தார்கள். கடைசியாகக் குதித்தவளுக்குக் கை உடைந்தது.

"யார் பூட்டினது?" என்றாள் விஜயகுமாரி.

"ரோசம்மாதான். வேற யாரு? சாவி அவகிட்டதான் இருக்கும்."

அரிகரன் செல்போனை நீட்டினான். திரையில் பின்கதவு. மேல் மூலையில் தேதி 10-10, நேரம் 5.41. ரோசம்மாள் வருகிறாள். கதவைச் சாத்துகிறாள். தாழ் போட்டுப் பூட்டுகிறாள். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறாள். போகிறாள். ஒன்றேகால் நிமிடம்.

"படம் நல்லா இருக்கு," என்றாள் விஜயகுமாரி.

"அஞ்சு மெகாபிக்சல் மேடம். கொசு உக்காந்தா கூட தெரியும்."

"முழுப் பதிவையும் பாக்கலாமா?"

"படம் பதிவாகற டிவிஆர் பாக்ஸ் மறுநாளே கெட்டுப்போச்சு மேடம். புகை பூந்துருச்சு. பாண்டிக்கு ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். நல்லவேளை, இத மட்டும் அன்னிக்கே எடுத்து வெச்சுட்டேன்."

"எட்டுக் கேமராவுல இந்த ஒண்ணேகால் நிமிஷம்தான் தப்பிச்சுதா?"

"ஆமா மேடம்."

"அதிர்ஷ்டம்," என்றாள்.

சுப்பராயலு கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. "நாலு மணிக்கு கமிட்டி கூட்டம். அதுக்குள்ள ஒங்க ரிப்போர்ட் வேணும். மையத்த திரும்பத் தொறக்கணும்னா வெளியாள் ஒருத்தர் பாதுகாப்பு அறிக்கை குடுக்கணுமாம். மூணு பேர விசாரிச்சோம், நீங்கதான் கொறச்சலா கேட்டீங்க. பெரிசா ஒண்ணும் எழுத வேணாம். ஏற்பாட்டுல கொறையில்ல, ஆள் மேலதான் கொறைன்னு ரெண்டு வரி. கூட்டத்துல அவள நிறுத்திட்டு ஸ்டேஷன்ல புகார் குடுத்துருவோம்."

"ரெண்டு வரிதானா?"

"ஒரு சீல் வெச்சுக் குடுங்க."

வெளியே வந்ததும் பாக்யராஜ் சொன்னான்: "அக்கா, அடுத்த தடவ கொஞ்சம் கூட்டிக் கேக்கலாம். கொறச்சலா கேட்டா இந்த மாதிரி ஆளுங்கதான் கெடைப்பாங்க."

பின்கதவுக்குப் போகும் வழி இருபதடி நீளம். அகலமானது. பெருக்கிக் கழுவியிருந்தார்கள். கதவில் இப்போது பூட்டு இல்லை. திறந்த கதவு வழியாக மூன்று கோழிகள் உள்ளே வந்து, சுவரோரத்து விரிசல்களைக் கொத்திக்கொண்டிருந்தன.

"இவங்களுக்கு உறுப்பினர் கார்டு இருக்கா?" என்றான் பாக்யராஜ்.

விஜயகுமாரி குனிந்தாள். விரிசலில் விரல் நுழைத்து எதையோ எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள். உச்சியில் ஆறாவது கேமரா.

"எவ்வளவு உயரம் இருக்கும்?"

"பதினாலு அடி. கமிட்டி ஆளுங்க ரெண்டு பேர ஒண்ணு மேல ஒண்ணு நிறுத்தினாலும் எட்டாது. நிக்கவும் மாட்டாங்க, ஒருத்தர ஒருத்தர் தள்ளி விட்டுருவாங்க."

"படம் எடு."

அவன் செல்போனைத் தூக்கிப் பெரிதாக்கி எடுத்தான். "இதுக்கும் பொட்டு வெச்சிருக்காங்க அக்கா."

அதில் வியப்பு இல்லை. அந்தக் கட்டிடத்தில் பொட்டு இல்லாத பொருள் கிடையாது. ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் ஆகியும் உடற்பயிற்சித் தம்புள்ஸில், கேரம் போர்டில், தீ வாளியில், தண்ணீர் மோட்டாரில், கருகிய ஸ்விட்ச் போர்டில்கூடச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. மணல் போட நேரமில்லாதவர்களுக்குப் பொட்டு வைக்க நேரம் இருந்திருக்கிறது.

விஜயகுமாரி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க வெச்சிருக்காங்க?"

"நடு நெத்தியில."

"கேமராவுக்கு நெத்தி கிடையாது பாக்யா."

அவன் மறுபடி பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அது அபூர்வம்.

அவர்கள் வாசலுக்குத் திரும்பியதும் ரோசம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள்.

"வீடியோவுல இருக்கறது நீங்களா?"

"நான்தான் மா. பூட்டறதும் நான்தான். ஆனா அன்னிக்கு இல்ல. தெனம் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் பூட்றது என் வேலைதான். ஆயுத பூஜை வரைக்கும் பூட்டினேன். அன்னிக்கு சாவி எல்லாத்தயும் வாங்கி படையல்ல வெச்சாங்க. முடிஞ்சதும் திருப்பிக் குடுத்தாங்க. பின்கதவு சாவிய மட்டும் ஐயா குடுக்கல."

"கேட்டீங்களா?"

"ரெண்டு தடவ. 'ஒனக்கு எதுக்கு'ன்னாரு."

"தீ பிடிச்சப்ப எங்க இருந்தீங்க?"

"இங்கதான். புள்ளைங்க கத்துச்சு. பின்பக்கம் ஓடினேன், பூட்டு தொங்குது. அந்த வாளியாலதான் ஜன்னல ஒடச்சேன்." நசுங்கிய வாளியைக் காட்டினாள். "அதுக்கும் கமிட்டில நோட்டீஸ் குடுத்திருக்காங்க. பொதுச் சொத்தாம்."

பாக்யராஜ் அந்த வாளியையும் படம் எடுத்தான்.

"கை ஒடஞ்ச புள்ள யாரு?"

ரோசம்மாள் நோட்டின் ஓரத்தை நேராக்கினாள். "எம் பொண்ணு. தேவி. எல்லாரயும் அனுப்பிட்டு கடைசியா குதிச்சா. கேப்டன்."



"அந்த வீடியோவ ஊர் குரூப்ல போட்டாங்க மா. ஆஸ்பத்திரில படுத்துனு பாத்திருக்கா. அங்கேந்து நேரா அவங்க அத்த வூட்டுக்குப் போயிட்டா. போன் பண்ணேன். 'நீ பூட்டறத நானே பாத்தேன், இன்னும் இன்னாத்த சொல்லப்போற'ன்னு வெச்சுட்டா. நாலு நாளாச்சு. வேல போனா போவுது, கரும்பு வெட்டப் போவேன். அவ கண்ணால பாத்துட்டாளே, அத எப்படி இல்லன்றது?"

"இங்க ஏணி இருக்கா?" என்றாள் விஜயகுமாரி.

ரோசம்மாளுக்குக் கேள்வி புரியவில்லை. இருந்தாலும் பதில் சொன்னாள். "இல்ல மா. வேணும்னா பந்தல்காரர் சாமிக்கண்ணு வூட்லேந்துதான் எடுத்துனு வரணும்."

"நோட்டக் கொஞ்சம் குடுங்க."

பத்து நிமிடம் புரட்டினாள். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

நான்கு மணிக்கு ஐந்து கமிட்டி உறுப்பினர்கள் வந்தார்கள். ஐந்து பேரும் கூட்டத்துக்கு வந்தார்களா டீக்கு வந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சுப்பராயலு வீடியோவை இன்னொரு முறை போட்டுக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் முறையும் ஆட்டியிருந்தார்கள்.

"மேடம், ரிப்போர்ட்."

"ஒரு சந்தேகம் கேட்டுட்டு குடுக்கறேன்," என்றாள் விஜயகுமாரி. "அரிகரன், ஆயுத பூஜைய பிரமாதமா செஞ்சிருக்கீங்க. கேமராவுக்கும் பொட்டு வெச்சது நீங்களா?"

அரிகரன் மலர்ந்தான். "எட்டுக்கும் என் கையாலதான் மேடம். தொழில் ஆச்சே."

"ஆறாவதுக்கும்?"

"எட்டுக்கும்."

பாக்யராஜ் எடுத்த படத்தை மேசைமேல் வைத்தாள். அதில் லென்ஸின் நடுவில், எட்டணாக் காசு அளவுக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம். பக்கத்தில் அரிகரனின் செல்போனை வைத்தாள். அதில் பின்கதவு பளிச்சென்று தெரிந்தது.

"பொட்டு வெச்சது ஒண்ணாந்தேதி. வீடியோ பத்தாந்தேதி. கொசு தெரியற கேமராவுல குங்குமம் தெரியலையே?"

அரிகரன் மாமாவைப் பார்த்தான். உறுப்பினர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பத்தாந்தேதி நடந்தது எல்லாம் இந்தப் பொட்டுக்குப் பின்னால கிடக்கு. அதனால போன மாசத்துப் படம் ஒண்ணத் தேடி எடுத்தீங்க. தேதிய மாத்தினீங்க, அது ஒங்க தொழில். பொட்ட மறந்துட்டீங்க."

சுப்பராயலு சிரித்தார். அவசரமில்லாத சிரிப்பு.

"மேடம், ஊர் வழக்கம் தெரியாம பேசறீங்க. ஆயுத பூஜை பொட்ட மறுநாளே தொடச்சாச்சு. படம் மறைக்குதுன்னு நான்தான் தொடைக்கச் சொன்னேன். விபத்து நடந்தப்பறம் பதினொண்ணாந்தேதி திருஷ்டி கழிச்சோம். அப்ப எல்லாத்துக்கும் திரும்ப வெச்சோம். நீங்க பாத்தது அந்தப் பொட்டு."

"ஆமா ஆமா," என்றார் டீ கிளாஸைக் கீழே வைத்தவர். "பூசணிக்கா ஒடச்சோமே. நானும் இருந்தேன்."

"நானும்," என்றார் இன்னொருவர்.

அரிகரனுக்கு நிறம் திரும்பியது. "ஆமா மேடம். மறுபடி வெச்சேன். சொல்ல மறந்துட்டேன்."

பாக்யராஜின் முகம் தொங்கியது. பூசணிக்காய் உடைத்தது உண்மை. வாசலில் அதன் சிவந்த துண்டுகள் இன்னும் கிடந்தன. பதினேழு பிள்ளைகள் சாக இருந்து தப்பிய மறுநாள் இவர்கள் பூட்டைப் பற்றி விசாரிக்கவில்லை, கண்ணேறு பட்டதாக முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அது உண்மை. பொட்டுக்கு இப்போது இரண்டு தேதிகள்.

"ரெண்டு வரி மேடம்," என்றார் சுப்பராயலு. "சீல் கொண்டாந்தீங்களா?"

"கொண்டு வந்திருக்கேன். ரோசம்மாளைக் கூப்பிடுங்க. நோட்டோட."

ரோசம்மாள் வந்து கதவோரம் நின்றாள். விஜயகுமாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரோசம்மாள் உட்காரவில்லை.

"ஒண்ணாந்தேதி என்ன உள்ள வந்துச்சுன்னு படிங்க."

"வாழக்கன்னு 2. பொரி 1 மூட்ட. சந்தனம், குங்குமம் 1 பை. ஏணி 1, சாமிக்கண்ணு வூட்டுது, உள்ள 10.20, வெளிய 11.05. கையெழுத்து, அரிகரன்."

"ரெண்டாந்தேதி?"

"தண்ணி கேன் 2. பந்து 1."

"ஏணி?"

"இல்ல மா."

"பதினொண்ணு?"

"பூசணிக்கா 1. எலுமிச்சம்பழம் 4. கற்பூரம் 1 பாக்கெட்டு. குங்குமம் 1 பொட்டலம். டிவி பொட்டி 1, வெளிய. கையெழுத்து, அரிகரன்."

"ஏணி?"

ரோசம்மாள் விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். "ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் ஏணி இன்னிக்கு வரைக்கும் வரல மா."

"கேமரா பதினாலடி உயரத்துல இருக்கு," என்றாள் விஜயகுமாரி. "ரெண்டாந்தேதி தொடச்சது எப்படி? பதினொண்ணாந்தேதி வெச்சது எப்படி?"

"பறந்திருப்பாரு அக்கா," என்றான் பாக்யராஜ். அவனுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. "பறக்கறத நோட்டுல எழுதணும்னு உத்தரவு இல்லியே."

சுப்பராயலு மேசையைத் தட்டினார். "அவ எழுதின நோட்டு. அவளுக்கு வேணும்கற மாதிரி எழுதுவா. இத ஒரு சாட்சின்னு தூக்கிட்டு வரீங்க!"

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு, நூல் கட்டி, அரக்கு வெச்சது நீங்கதான். தினமும் சாயங்காலம் அடியில கையெழுத்தும் ஒங்களது. ஒண்ணு, ரெண்டு, பதினொண்ணு, மூணு நாளும் இருக்கு." நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். "இந்த மையத்துலயே ஒழுங்கா வேலை செய்யற ஒரே பாதுகாப்பு ஏற்பாடு இதுதான். அதையும் செய்யறது இவங்க."

யாரும் டீ குடிக்கவில்லை.

விஜயகுமாரி கைக்குட்டையை அவிழ்த்தாள். மேசைமேல் ஏழு நெல்மணிகள் உருண்டன.

"பின்கதவு வழியில கோழி கொத்திட்டிருந்தது. நோட்டுல எல்லாம் இருக்கு, நெல் மட்டும் இல்ல. ஏன் ரோசம்மா?"

"செயலாளர் ஐயா வண்டிக்கு நோட்டு கிடையாதுன்னு உத்தரவு மா."

"எத்தன மூட்டை?"

"முப்பத்தி ரெண்டு. மூணாந்தேதி மழைக்கு முன்னால வந்துச்சு, பின்கதவு வழியிலதான் அடுக்கினாங்க. தீ புடிச்ச மறுநா விடியக்காலம் எடுத்துனு பூட்டாங்க. விசாரிச்சப்ப கமிட்டில சொன்னேன். 'நெல்லு எழுந்து வந்து கதவ பூட்டுமா'ன்னு சிரிச்சாங்க."

சிரித்தவர்கள் ஐந்து பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஐந்து பேரும் நெல்மணிகளைப் பார்த்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன் மாமா," என்றான் அரிகரன். "மூட்ட திருடு போனா போவுது, பகல்ல பூட்டாதீங்கன்னு சொன்னேன்."

"வாய மூடுறா!"

மூடினான். தாமதமாக.

"நாங்களும் அப்பவே நெனச்சோம்," என்றார் பூசணிக்காய்க்குச் சாட்சி சொன்னவர்.

விஜயகுமாரி ஒரு தாளை எடுத்து எழுதினாள். இரண்டு வரி கேட்டிருந்தார்கள். மூன்று எழுதினாள். பின்கதவுக்கு இனிப் பூட்டு வேண்டாம். தீ வாளிகளில் மணல் போடவும். செயலாளரை மாற்றவும். சீல் வைத்தாள்.

"ஸ்டேஷனுக்குப் புகார் ஒண்ணு தயாரா வெச்சிருப்பீங்களே," என்றாள் உறுப்பினர்களிடம். "பேர மட்டும் மாத்துங்க. போதும்."

சுப்பராயலு அறிக்கையைப் படித்தார். "இத வெச்சு மையத்த எப்படித் தொறக்கறது?" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கேள்வி.

வாசலில் பாக்யராஜ் ரோசம்மாளின் செல்போனை வாங்கினான். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்தான். கேமராவின் பொட்டையும் சேர்த்து, வீடியோ வந்த அதே ஊர் குரூப்பில் போட்டான். கீழே ஒரு வரி எழுதினான்: கொசு தெரியும், பொட்டு தெரியாது.

"புரியுமா?" என்றாள் விஜயகுமாரி.

"ஆயுத பூஜைக்கு ஏணி புடிச்சவன் எல்லாம் அந்த குரூப்லதான் இருக்கான் அக்கா."

ஐந்து மணி வரை யாரும் வரவில்லை. பாக்யராஜ் வண்டியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். கிளம்பலாம் என்று விஜயகுமாரி சொல்லவில்லை.

ஐந்தே காலுக்கு ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வலது கை கழுத்திலிருந்து தொங்கியது. வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

ரோசம்மாள் நிமிரவில்லை. நோட்டைப் பிரித்தாள்.

"பேரு?"

"தேவி."

"யாரப் பாக்கணும்?"

பெண் தரையைப் பார்த்தாள். பூசணிக்காய்த் துண்டு ஒன்றைக் காலால் நகர்த்தினாள்.

"எங்கம்மாவ."

"கையில இன்னா?"

"மாவுக்கட்டு."

ரோசம்மாள் எழுதினாள். மாவுக்கட்டு 1. நோட்டைத் திருப்பி வைத்தாள். தேவி இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

பாக்யராஜ் ஹெல்மெட்டை வெளியே எடுத்துப் போவதற்குக் கையெழுத்திட வந்தபோது அந்தப் பக்கத்தைப் பார்த்தான். மேலே எல்லா வரியும் நேர். மாவுக்கட்டு மட்டும் கோணலாக இறங்கி, அடுத்த வரிக்குள் போயிருந்தது.